மத்தாப்புக் கடை

ஜூன் 3, செவ்வாய்

பத்து நாளாக விடாத மழை. கடைக்குப் புது வெல்டிங் ஹோல்டர் பன்னிரண்டு வந்து இறங்கியது. இரண்டில் ஸ்பிரிங் தளர்ச்சி, திருப்பியனுப்பச் சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்கு அத்தான் வந்தார்.

அக்கா புருஷன் படியேறினால் 'வாங்க' சொல்லாமல் முடியுமா? சொன்னேன். பதிலுக்கு அவர் கையிலிருந்த இரும்பை மேஜைமேல் டமாலென்று போட்டார். கனத்த தகட்டில் செய்த தூக்கு வளையம். பற்றவைத்த இடத்தில் வாயைப் பிளந்து கிடந்தது.

"போன திங்கக்கிழமை பத்த வச்சது. புதன்கிழமை இன்ஜின் ஒண்ணைத் தூக்கும்போது பொளந்துடுச்சு. கீழ ஆள் நிக்கல. நின்னிருந்தா நான் இங்க வந்து பேசிட்டிருக்க மாட்டேன், போலீஸ்ல உக்காந்திருப்பேன்."

"பத்த வச்ச ஆளைக் கேளுங்க அத்தான். வெல்டிங் ராடு வித்தவளைக் கேட்டா?"

"கேட்டுட்டுத்தான் வர்றேன். பத்த வைக்கும்போதே படபடன்னு பொரிஞ்சுதாம். நீ விக்கிறது ராடு இல்லம்மா, மத்தாப்பு. வெளிய போர்டை மாத்து. மத்தாப்புக் கடைன்னு எழுது."

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவன் பத்து வருஷமாக என்னிடம் வாங்குகிறவன். சிரிப்பை அடக்கவாவது முயற்சி செய்திருக்கலாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்றேன். உங்கள் பட்டறையில் ஆள் சரியில்லை, மிஷின் சரியில்லை, முதலாளியும் சரியில்லை என்றேன். அப்போது ஒன்று கேட்டார் பாருங்கள் (யாரைப் பார்க்கச் சொல்கிறேன், இதை நான்தான் படிக்கப்போகிறேன்): "இத்தனை வருஷமா விக்கிறியே, என்னைக்காவது ஒரு ராடைப் பத்த வச்சிருக்கியா நீ?"

இல்லை. ஒரு நாளும் இல்லை.

பட்டறைக்காரர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இருபத்தொன்றாம் தேதி எல்லார் முன்னாலும் சோதனை. என் ராடு மோசம் என்று முடிவானால் சங்கத்துப் பட்டியலிலிருந்து என் கடை நீங்கும். பட்டியலில் இல்லாத கடையில் எந்தப் பட்டறையும் வாங்காது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஜூன் 4, புதன்

ஆத்திரம் ஆறவில்லை. ஆறவேண்டாம், அதுதான் எனக்கு மூலதனம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதரிடம் கேட்டேன். உங்கள் பட்டறை வாசலில் ஒரு அலமாரி வைத்துக்கொள்கிறேன், ராடும் கையுறையும் விற்கிறேன் என்று. "உனக்கெதுக்கு இந்த இரும்பு நாத்தம்? வளையல் கடை வை" என்றார். அக்கா பக்கத்தில் நின்றாள். அவளும் சிரித்தாள்.

அப்புறம் நான் எப்படி மேலே வந்தேன் என்று ஊருக்கே தெரியும். சின்ன வேலைக்காரனுக்கு முழு பாக்கெட் வாங்க வக்கு இருக்காது. ஒரு ஜன்னலுக்கு ஆறு ராடு போதும். எந்தக் கடையும் பாக்கெட்டைப் பிரித்துத் தராது. நான் பிரித்தேன். ஆறு வேண்டுமா ஆறு, பதினொன்று வேண்டுமா பதினொன்று, பேப்பரில் சுற்றிக் கொடு. அந்தச் சில்லறைதான் இந்தக் கடை, மாடி, மகளின் படிப்பு எல்லாம். எனக்குத் தெரிந்து இதை முதலில் செய்தவள் நான்.

மத்தாப்பாம்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன், வெல்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "மீன் விக்கிறவ நீச்சல் கத்துக்கிட்டுத்தான் விக்கிறாளா?" என்றார். மீனைக் கெட்டது என்று ஒருத்தன் சொன்னால் முகர்ந்து பார்க்கவாவது மூக்கு வேண்டாமா என்றேன். அவர் கடைப் பெயர் அச்சடித்த பேப்பரைக் கிழிக்கப் போய்விட்டார். ராடு சுற்றுவதற்கு.

ஜூன் 9, திங்கள்

பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். காலை ஏழிலிருந்து ஒன்பது. பதினான்கு பேரில் நான் ஒருத்திதான் ஐம்பதைத் தாண்டியவள். சொல்லிக் கொடுப்பவள் என் மகள் வயசுப் பெண். தோல் ஏப்ரன், கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை. என் சேலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது நைலான்மா. ஒரு பொறி விழுந்தா உருகி உடம்போட ஒட்டிக்கும். நாளைக்குப் பருத்தி போட்டுட்டு வாங்க. இன்னைக்கு வேடிக்கை மட்டும்."

வேடிக்கை பார்க்கவா காசு கட்டினேன்? வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு பார்த்தேன். பார்த்ததை எழுதிவைக்கிறேன், மறந்துபோகும்.

மிஷினிலிருந்து இரண்டு கேபிள். ஒன்றின் நுனியில் ஹோல்டர், ராடைக் கடித்துக்கொள்ள. இன்னொன்றின் நுனியில் எர்த் கிளாம்ப், இரும்பைக் கவ்வ. ராடால் இரும்பைத் தொட்டு ஒரு மயிரிழை தூக்கினால் நடுவில் இருக்கும் காற்றைத் தாண்டி கரண்ட் பாய்கிறது. அந்தச் சூட்டில் இரும்பும் உருகுகிறது, ராடும் உருகுகிறது, இரண்டும் ஒரே குட்டையாகி உறைகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் பதினெட்டு வருஷம் விற்றது இந்த மயிரிழை இடைவெளியைத்தான் என்று இன்றுதான் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும். ஏழாவது வரை. "தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இழுங்க, குத்தாதீங்க" என்கிறாள். கிழித்தேன். வெளிச்சம் வந்ததும் பயந்துபோய்த் தூக்கிவிட்டேன், அணைந்துவிட்டது. பின்னால் யாரோ கிசுகிசுத்தான். முகமூடிக்குள் என் முகம் யாருக்கும் தெரியாதது நல்லதாயிற்று.

அடுத்தவன் பற்றவைத்ததை ஒரு கணம் வெறும் கண்ணால் பார்த்துத் தொலைத்தேன். கண்ணில் மணல் கொட்டியது போல இருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியாது.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இழுத்தேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. ஆனால் கோடு.

பாடத்தைவிட என் கடையைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்கிறேன். ராடின் மேல் பூசியிருக்கும் மாவு அலங்காரத்துக்கில்லை. அது எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கிறது. அப்புறம் கசடாக மேலே படிந்து போர்வை போல மூடுகிறது. ஆறியதும் சுத்தியால் தட்டினால் ஓடு மாதிரி உரிகிறது. பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் கனமாக இருக்கும், அடி தாங்கும். இன்வெர்ட்டர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறலாம். சிஓடூ மிஷின் என்றால் ராடுக்குப் பதில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், காப்பு வாயு சிலிண்டரிலிருந்து. ஆர்கான் வெல்டிங் என்பது மெல்லிய வேலை, ஸ்டீல் பாத்திரம் போன்றதற்கு. ஒரு கையில் பற்றவைக்கும் டார்ச், மறுகையில் கம்பி, பூத்தையல் போடுகிற மாதிரி.

இதையெல்லாம் வருகிறவனிடம் மடமடவென்று சொல்லி விற்றிருக்கிறேன். சொன்னதில் பாதி தப்பு. யாரும் கேட்டதில்லை, நானும் நிறுத்தியதில்லை.

ஜூன் 14, சனி

அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, அவரோட போய் மல்லுக்கு நிக்கிற? ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டா என்ன குறைஞ்சுடுவ?"

"தப்பு என்மேல இருந்தாத்தானே?"

"உன்மேல எப்பத்தான் இருந்துச்சு?"

வைத்துவிட்டேன். அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

கூடத்து ராடை விட்டுவிட்டு, என் கடை ராடிலேயே பழகலாம் என்று பத்து எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். கனத் தகட்டுக்கான லோ ஹைட்ரஜன் ராடு, அத்தான் பட்டறைக்குப் போன அதே சரக்கு, பிரித்த ராடைப் போட்டுவைக்கும் அதே டிரேயிலிருந்து. பற்றவைத்தேன். படபடபட. பொறி நாலா பக்கமும் தெறித்தது. கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் வந்து என் கையிலிருந்து ஹோல்டரை வாங்கினாள். இன்னொரு ராடை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்க வாங்கினீங்க இதை?"

"ஏன்?"

"ஈரம் குடிச்சிருக்கு. இந்த ராடு மட்டும் பிரிச்சா நாலு மணி நேரத்துல போட்டுடணும், இல்லைன்னா சூட்டடுப்புல வைக்கணும். திறந்து போட்டா காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். அந்த ஈரம் இரும்புக்குள்ள போயிடும்மா. பத்த வச்சப்போ நல்லாத்தான் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு, யாரும் தொடாமலே உள்ளேயிருந்து விரிசல் விடும்."

ரெண்டு நாள் கழிச்சு. திங்கட்கிழமை பற்றவைத்தது, புதன்கிழமை பிளந்தது.

"சாதா ராடு இவ்வளவு அலட்டிக்காது. இதுதான் அலட்டும். எந்தக் கடைக்காரன் இதைப் பிரிச்சு விக்கிறான்? படிச்சவனா அவன்?"

"தெரியலைம்மா. ஏதோ ஒரு கடை" என்றேன்.

சொன்னேன். என் வாயால். ஏதோ ஒரு கடை!

பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறதாம். வந்து பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது, எறும்பு எழுத்தில். பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் பிரிக்கிறேன். மழைக்காலத்தில் டிரே பத்து நாள், பதினைந்து நாள் திறந்தே கிடக்கும். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

ஜூன் 18, புதன்

நிதானமாக யோசித்தேன். அத்தானுக்கு ராடு பொரிந்தது தெரியும். ஏன் பொரிந்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பார். தெரிந்தவள் நான் மட்டும்.

ஆகவே: சோதனைக்குப் பிரிக்காத பாக்கெட் கொண்டுபோவேன். எல்லார் கண்ணெதிரிலும் பிரிப்பேன். அதில் தப்பு வராது. அவரிடம் மிச்சம் இருக்கும் ராடு மூன்று வாரமாக அவர் பட்டறையில் கிடக்கிறது. அது யார் வீட்டு ஈரம் என்று யார் சொல்ல முடியும்?

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அன்னைக்கு அதைச் சுத்திக் கொடுத்தது நான்" என்றார். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றேன். "நான் எப்ப தெறந்தேன்?" என்றார்.

ஜூன் 21, சனி

ஜெயித்தேன்.

சங்கத்து வளாகம், இருபது இருபத்தைந்து பேர். இரண்டு ராடையும் ஒரே ஆள் பற்றவைக்க வேண்டும் என்று செயலாளர் சொன்னார். அத்தான் பட்டறை வெல்டரையே நிறுத்தினார்கள். அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். முகமூடிக்குள்ளும் அந்தத் தடிமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வான். வளையத்தைப் பற்றவைத்தவனும் அவன்தான்.

என் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். வெண்ணெய் போல ஓடியது. கசடு தானாகச் சுருண்டு உரிந்தது. பற்றவைத்த தகட்டை வெட்டி பிரஸ்ஸில் வைத்து வளைத்தார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்தது, ஒரு கீறல் இல்லை. அப்புறம் அத்தான் கொண்டுவந்த மிச்ச ராடு, ஒன்பது. என் கடைப் பேப்பர் அப்படியே சுற்றியிருந்தது. படபடவென்று பொரிந்தது. வளைக்கப் பாதி தூரம் போகவில்லை, பிளந்துவிட்டது. உள்ளே புழு அரித்தது போலப் பொத்தல்.

"பாத்தீங்களா?" என்று அத்தான் எழுந்தார்.

"பாத்தோம்" என்றேன். "சீல் போட்ட சரக்கு நல்லாயிருக்கு. உங்க பட்டறையில கிடந்த சரக்கு கெட்டுப்போச்சு. தண்ணி டிரம் பக்கத்துல வச்சிருப்பீங்க. இந்த ராடுக்கு ஈரம் ஆகாதுன்னு இத்தனை வருஷப் பட்டறைக்காரருக்குத் தெரியாதா அத்தான்?"

இந்தமுறை சிரிப்பு அவர் பக்கம் போனது. முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. வாங்கியவர்தான் சரக்கைக் காக்க வேண்டும் என்று செயலாளர் முடித்தார். அத்தான் சோடாபுட்டியைத் திரும்பிப் பார்த்தார், ராடு வைக்கும் பொறுப்பு அவனுடையது.

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, அன்னைக்குக் காலையில உங்க கடையிலதானே வாங்கினேன்? வாங்கிட்டுப் போய் உடனே பத்த வச்சேனே அக்கா. அப்பவே பொரிஞ்சுதே. சொல்லுங்கக்கா."

"தினம் நூறு பேர் வர்றாங்கப்பா. எனக்கு நினைவில்லை."

நினைவிருக்கிறது. நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். பன்னிரண்டு ராடு கேட்டான். நான்தான் கூட ஒன்று போடச் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

கடை விடுமுறை. தலைவலி.

ஜூன் 24, செவ்வாய்

சோடாபுட்டியை நிறுத்திவிட்டார்களாம். 'தண்ணி டிரம்' என்று இப்போது அவனைக் கூப்பிடுகிறார்கள். நேற்று இரண்டு பட்டறையில் வேலை கேட்டுப் போயிருக்கிறான். "ராடை நனைக்கிற ஆளா நீ?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டீ குடிக்க வந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

மனசாட்சி என்று பெரிய பேரெல்லாம் நான் சூட்டிக்கொள்ளப் போவதில்லை. என் கவலை வேறு. காலையில் டிரேயைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன், இந்த மழைக்கு யார் யார் அதிலிருந்து வாங்கினார்கள் என்று. எட்டு பேர். ஒருவன் கிரேன் கொக்கி ரிப்பேர் செய்கிறவன். ஒருத்தி தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கி செய்கிறாள். ஒருவன் ஏதோ மாடிப்படி என்றான். மாடிப்படியில் யார் ஏறுவார்கள்? எல்லாரும் ஏறுவார்கள்.

எட்டு பேரிடமும் சொல்லித்தான் ஆகவேண்டும். எட்டு பேரிடம் சொன்னால் ஒன்பதாவதாக அத்தானுக்குப் போய்விடும். அடுத்தவன் வாயால் போய் அவர் என் வாசலில் வந்து ஆடுவதைவிட, என் வாயாலேயே போகட்டும்.

கணக்கு அவ்வளவுதான். வேறொன்றுமில்லை என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 26, வியாழன்

எட்டு பேரிடமும் போனில் சொல்லிவிட்டு, சூட்டோடு சூடாக அத்தான் பட்டறைக்குப் போனேன். கிரைண்டர் சத்தம். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

"என்ன, லாடம் அடிக்க வந்தியா?"

"ராடு என் கடையிலேயே நனைஞ்சதுதான். பிரிச்சு வச்சு வித்தேன். உங்க வெல்டர் மேல தப்பில்லை."

கிரைண்டர் நின்றது.

"சங்கத்துல நின்னப்பவே எனக்குத் தெரியும். சொல்லலை."

"ஏன் இப்ப சொல்ற?"

"எட்டு பேருக்குச் சொல்லியாச்சு. உங்களுக்கு எப்படியும் வரும்."

கைத்துணியால் விரல் விரலாகத் துடைத்தார். நான் எதிர்பார்த்தது கத்தல். அவர் கத்தவில்லை, அதுதான் அதிகமாக எரிந்தது.

"அப்ப நான் சொன்னது சரி. மத்தாப்பு."

"சரிதான்."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஒரு தடவைதான் கிடைக்கும் அத்தான். வேணும்னா சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், அங்க போய்ப் படிச்சுக்கோங்க. அந்தப் பையனை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்க."

"என் பட்டறைக்கு நீ யாரு ஆள் வைக்க?"

"நான் யாரும் இல்லை. நிறுத்தினது நீங்கதானே? ராடு எதுக்குப் பொரியுதுன்னு உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. தெரியாத ரெண்டு பேர் சண்டைக்கு அவன் ஏன் வீட்டுல உக்காரணும்?"

உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

செயலாளர் என் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். "ஜெயிச்ச வழக்குல தானா வந்து தோக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார். விதி விதிதான் என்றும் சொன்னார். ஆறு மாதம் பட்டியலில் பெயர் இல்லை. சூட்டடுப்பு வாங்கி, காட்டி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

மதியத்துக்குள் மூன்று பட்டறைக்காரர்கள் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள். பத்து வருஷத்து ஆளும் அதில் ஒருவன்.

கொக்கிக்காரன் மட்டும் வந்தான். திட்டினான். தாய் தகப்பன் வரைக்கும் போனான். வாங்கிக்கொண்டேன். பற்றவைத்த இடத்தையெல்லாம் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி போடுகிறானாம்.

ஜூலை 4, வெள்ளி

வியாபாரம் இல்லை. பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். டீச்சரிடம் அந்த ஏதோ ஒரு கடை எது என்று சொல்லிவிட்டேன். "தெரியும்மா. பேப்பர்ல கடை பேரு அச்சடிச்சிருந்துச்சே" என்றாள். அடிப்பாவி.

ஜூலை 15, செவ்வாய்

சூட்டடுப்பு வந்துவிட்டது. சின்ன பீரோ அளவு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. லோ ஹைட்ரஜன் ராடைச் சில்லறையாகத்தான் கொடுக்கிறேன் இன்னும், சின்ன ஆளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்து, மூடியுள்ள குழலில் போட்டு, எடுத்த நேரத்தை மேலே எழுதி. வீட்டுக்காரர் எழுதுகிறார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பத்தரை மணிக்கு சோடாபுட்டி வந்தான். பட்டியலில் இல்லாத கடைக்கு அத்தான் பட்டறை சட்டையோடேயே வந்திருந்தான். வணக்கம் சொல்லவில்லை. "பன்னெண்டு" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவன் அங்கேயே குழலைத் திறந்தான். ஒவ்வொரு ராடாக வெளியே எடுத்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, வெளிச்சத்தில் திருப்பி, மாவு உதிர்ந்திருக்கிறதா என்று கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். பின்னால் சில்லறை வாங்கும் சின்ன வேலைக்காரர்கள் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவன் சீக்கிரம் என்றான்.

"அவர் பாத்து முடிக்கட்டும்" என்றேன்.

பன்னிரண்டையும் பார்த்தான். ஏழாவதைத் திருப்பிக் கொடுத்தான். வேறு எடுத்துக் கொடுத்தேன்.